குறைத்த எட்டு மார்க்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் அன்று நிற்கக்கூட இடமில்லை. சாரல் தொடங்கி இரண்டாவது நாள். குழல்வாய்மொழி நனைந்த குடையை மடக்கிக் கம்பியில் மாட்டிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். குடை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்... கீழே உட்கார்ந்திருந்தவன் மடியில், ஒரு காகிதக் கட்டின் மேல்.

அவன் நிமிர்ந்தான். அவள் கையிலிருந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தான்.

“எக்ஸ்கியூஸ் மீ... யுவர் அம்ப்ரெல்லா இஸ் ரெயினிங் மீ.”

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்... முடியவில்லை.

“குடை மழை பெய்யாதுங்க. ‘டிரிப்பிங் ஆன் மீ’ன்னு சொல்லணும்.”

பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். அவன் காது மடல் சிவந்தது. கருகருவென்ற பெரிய கண்கள்... ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்துகொண்டன.

மேலகரத்தில் அவள் இறங்கினாள். அவனும் இறங்கினான். பள்ளிக்கூட வாசலுக்கு நடந்தாள். அவனும் நடந்தான்... அவள் நடையை எட்டிப் போட்டாள்.

“வாங்கம்மா,” என்று வரவேற்றார் பேராசிரியர் அருமைநாயகம். “இவரு தில்லைநாயகம், கடையத்துக்காரரு. கணக்கு இவரு எடுப்பாரு. இங்கிலீஷ் நீங்க.”

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. தமிழில் பத்தும் பதினொன்றும் படித்துத் தேறிய கிராமத்துப் பிள்ளைகள், ஒரு வருஷப் புகுமுக வகுப்பான பி.யூ.சி.யில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் நடப்பதைக் கேட்டு மிரண்டு, பாதியிலேயே ஊர் திரும்பிவிடுவதைப் பேராசிரியர் வருஷாவருஷம் பார்த்தவர். கல்லூரி திறக்கும் முன் ஒரு மாதம் நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். கடைசியில் பரீட்சை. முதல் பத்துப் பேரின் ஹாஸ்டல் செலவை ஓர் அறக்கட்டளை ஏற்கும். தென்காசி ஜவுளிக்கடைக்காரர் மகளான குழல்வாய்மொழிக்கும் இந்த வகுப்பில் ஓர் ஆசை இருந்தது. மாதம் நல்லபடியாக முடிந்தால், கல்லூரியில் டியூட்டர் வேலைக்குப் பேராசிரியர் கடிதம் தருவார்.

முதல் நாளே தில்லைநாயகம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டான். “நானும் பி.யூ.சி.ல ஒருதரம் பெயிலானவன்தாம்லே. வாத்தியார் பேசுதாரு, கண்ணக் கட்டிக் காட்டுல விட்டாப்ல இருந்தேன். புரியலன்னா கையத் தூக்குங்க. வெக்கப்பட்டா நான் பட்ட பாடு நீங்களும் படணும்.”

அவன் வகுப்பில் நாற்பது கைகளும் உயர்ந்தன. அவள் வகுப்பிலோ ஒரு கைகூட உயரவில்லை. அவளுக்கு எரிந்தது. அதுதான் முதல் பொறாமை... பின்னால் வந்ததோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

பின்னால் வந்தவள் ஞானபாக்கியம். மாணவிதான், ஆனால் வயது இருபத்திரண்டு. நாலு வருஷம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பியிருந்தாள். மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்ததால் ஆங்கிலம் சரளமாக வரும், கணக்குதான் வராது. தினமும் வகுப்பு விட்டதும் அவளும் தில்லைநாயகமும் பின்கட்டு அறையில் ஒரு மணி நேரம்.

கணக்குக்கு இவ்வளவு சிரிப்பு எதற்கு... என்று கேட்டது குழல்வாய்மொழியின் மனசு. தன்னிடம் ‘ஆமாங்க, இல்லீங்க’ என்று இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவன் அவளை ‘பாக்கியம், பாக்கியம்’ என்று வாய் நிறையக் கூப்பிடுகிறானே... ஒரே ஊராம். இருக்கட்டுமே. எனக்கென்ன?

எனக்கென்ன என்று சொல்லிக்கொண்டே தினமும் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனாள்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். “உங்க பாக்கியத்துக்குக் கணக்கு எவ்வளவு தூரத்துல இருக்கு?”

“வருது... மெள்ள வருதுங்க,” என்றான். கண்கள் மறுபடி தாழ்ந்துகொண்டன. எதையோ மறைக்கிற கண்கள்.

பரீட்சை முடிந்து விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாள். ஞானபாக்கியத்தின் கட்டுரை தெளிந்த நீரோட்டம் போல இருந்தது. இரண்டு தடவை படித்தும் பிழை கிடைக்கவில்லை. எழுபத்தெட்டு என்று போட்ட பேனா நின்றது... பின்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டை அடித்துப் பூஜ்யம் ஆக்கினாள். எழுபது.

கணக்கு மார்க்கோடு கூட்டிப் பார்த்தால் ஞானபாக்கியம் பதினொன்றாவது. பட்டியலைப் பேராசிரியரிடம் கொடுத்தாள். நாளைக் காலையில் எல்லார் முன்னும் வாசிப்பார்கள்.

கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். மழை வலுத்தது. பின்கட்டு அறையின் ஜன்னல் ஓரம் ஒதுங்கினாள். உள்ளே அவன் குரல்.

“ஐ... ஐ வாண்ட் டு டெல் யூ சம்திங், மிஸ் குழல்வாய்மொழி...”

தன் பேரைக் கேட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“திக்காம சொல்லுங்க,” என்றாள் ஞானபாக்கியம். “ஒரு மாசமா இங்கிலீஷ் சொல்லித் தாரேன், இன்னும் பயப்படுதீங்க.”

“பஸ்ஸுல சிரிச்சாங்க பாக்கியம். மறுபடி தப்பாப் பேசுனா...”

“சிரிக்க மாட்டாங்க. அவங்க நல்ல மனசுக்காரங்க. எனக்குத் தெரியும்.”

நல்ல மனசுக்காரி... குழல்வாய்மொழிக்கு அந்த எட்டு மார்க் ஞாபகம் வந்தது. விறுவிறுவென்று பேராசிரியர் அறைக்கு நடந்தாள்.

“சார், அந்தப் பட்டியல் தப்பு. ஞானபாக்கியத்துக்கு எழுபத்தெட்டு. நான் வேணும்னே எட்டு மார்க் கொறச்சேன்.”

அவர் பேனாவை எடுத்தார். பட்டியலைத் திருத்தினார். ஒன்பதாவது பெயர் ஞானபாக்கியம்.

“நீங்களா வந்து சொன்னது பெரிசும்மா. ஆனா அந்த டியூட்டர் வேலைக்கு நான் எப்படிக் கடிதம் எழுதுவேன்?”

“எழுத வேண்டாம் சார்.”

வெளியே வந்தபோது இருவரும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மார்க்கைக் குறைத்ததையும், சாரிடம் சொல்லித் திருத்தியதையும், வேலைக்கான கடிதம் போனதையும் சொன்னாள்.

ஞானபாக்கியத்தின் முகம் வெளிறியது. “ஹாஸ்டல் இல்லன்னா எனக்குப் படிப்பே இல்ல டீச்சர். எதுக்குச் செஞ்சீங்க?”

“பொறாம.” என்றாள் குழல்வாய்மொழி. “இவங்க உங்ககிட்ட சிரிக்கறதப் பாத்து...”

ஞானபாக்கியம் அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

“எனக்குக் கோவம் இருக்கு டீச்சர். கொஞ்ச நாளைக்கு இருக்கும்,” என்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

தில்லைநாயகம் தூணைப் பிடித்தபடி நின்றான். “நானும் கணக்குல அவளுக்கு முப்பத்தாறுதான் போட்டேன். கூடப் பழகுனவ, ரெண்டு சேத்துப் போட்டா என்னன்னு கை துடிச்சிச்சு. போடல.”

“தெரியும்... நீங்க போட மாட்டீங்க. என்னை வெறுத்துட்டுப் போயிருங்க.”

“போலாம்னுதான் பாத்தேன். வேல போகும்னு தெரிஞ்சும் நீங்க அந்த ரூமுக்குள்ள போனீங்களே... அதுக்கப்புறம் எப்படிப் போக?”

முதல்முறையாக அந்தக் கண்கள் தாழவில்லை. அவளுக்குத்தான் பார்க்க முடியவில்லை.

“என்னமோ சொல்லணும்னு ஒரு மாசமா...” என்றாள் மெதுவாக.

“அது மறந்துபோச்சு. உங்களப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான் வருது.”

“எனக்கும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா மொதல்ல பாக்கியத்துகிட்ட மன்னிப்பு வாங்கணும். அவ மனசு ஆறுற மட்டும் எங்கய்யாகிட்ட கல்யாணம் பேச வர வேண்டாம்.”

“எத்தன நாளாகும்?”

“தெரியல... காத்திருப்பீங்களா?”

“நான் பி.யூ.சி.க்கே ரெண்டு வருஷம் இருந்தவன்,” என்றான் தில்லைநாயகம்.