சித்திரையில் ஒரு சுவர் சிவக்கிறது

"ஐயோ... ரத்தம்!"

மூக்காயி போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின.

அரிசி புடைக்க இரவல் வாங்கிய சொளகைத் திருப்பிக் கொடுக்கத்தான் அந்த எதிர்வீட்டுக்காரி வந்தாள். கதவு திறந்திருந்தது. "வள்ளி..." என்றபடி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

வள்ளி இல்லை.

சுவர் இருந்தது.

பளிச்சென்று வெள்ளை அடித்த சுவர். அதன் நடுவில், இடுப்பு உயரத்தில், கையிலிருந்த சொளகு அகலத்துக்குச் சிவப்பு. ஈரச் சிவப்பு. அதிலிருந்து ஒரு கோடு... மெல்ல... மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

மூலையில் சுருண்டு கிடந்த வள்ளியின் புருஷன் சடையாண்டி துள்ளி எழுந்தான். வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவன். முதுகைத் தரையில் போட வாரத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். அந்த ஒரு நாளும் போயிற்று.

"என்னக்கா... எதுக்குக் கத்துற?"

"வள்ளி எங்கலே?"

"ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா. கொடைரோட்டுக்கு. ஒரு வாரமாச்சு."

"நேத்துத்தேன் எங்க வீட்டுக்காரரு கொடைரோட்டுக்குப் போயி வந்தாரு. வள்ளி ஆத்தாவப் பாத்திருக்காரு. 'எம் மக சொகமா இருக்காளா'ன்னு அவுக இவருகிட்டக் கேட்டாகளாம்."

சடையாண்டிக்குத் தூக்கம் கலைந்தது. முகத்தின் நிறமும் கூடவே கலைந்தது.

சேதி தெருவைச் சுற்றி முடிப்பதற்குள் ஏட்டு ராயப்பராஜ் வந்துவிட்டார். அரை நிக்கர், அதற்கு மேலே தொப்பை, தொப்பைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே வெற்றிலைப் பை. பின்னாலேயே வீட்டின் சொந்தக்காரர் உடையப்பன், வாயில் வேப்பங்குச்சியோடு. வாசலில் தெரு மொத்தமும் நின்றது.

எல்லோரும் சடையாண்டியின் கழுத்தைத்தான் பார்த்தார்கள். கயிறு எந்த இடத்தில் விழும் என்று அளவெடுக்கிற மாதிரி.

ஏட்டு சுவரை விரலால் தொட்டார். முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"மத்த செவரெல்லாம் பழுப்பா இருக்கு. இது மட்டும் புதுசா மின்னுது. எப்படா வெள்ளையடிச்ச?"

"அவ போன மறுநாளுங்கய்யா."

வாசலில் "அடப்பாவி..." என்று நாலு குரல் எழுந்தது.

உடையப்பன் முன்னால் வந்தார். வேப்பங்குச்சியால் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"ஏட்டய்யா, வீட்ட வாடகைக்கு விட்டுப் பொழைக்கிறவன் நான். ஈரத்தப் பாத்தாலே அது எங்கிட்டு இருந்து வருதுன்னு சொல்லிப்புடுவேன். ஓடு ஒழுகுனா மேல இருந்து கோடு கோடா எறங்கும். அங்கன பாருங்க, உச்சி காஞ்சு கெடக்கு. தரையில இருந்து ஓதம் ஏறுனா அடியில வெள்ளையா உப்புப் பூக்கும். பூச்சு பொலபொலன்னு உதிரும். அதுவும் இல்ல. நடுவுல மட்டும் ஈரம்னா..."

"ஈரம்னா?"

"செவத்துக்கு உள்ளாற என்னமோ இருக்கு."

மூக்காயி இரண்டாவது தடவை அலறினாள்.

"தண்ணியா... இருக்கப்படாதாய்யா?" சடையாண்டியின் குரல் நூலாக வந்தது.

அது ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை. தெருக்குழாயைத் திறந்தால் காற்று மட்டும் புஸ்ஸென்று வரும் மாதம்.

ஏட்டு அவனை இரக்கமாகப் பார்த்தார்.

"ஏலே... திண்டுக்கல்லுல, சித்திரையில, செவத்துக்குள்ள தண்ணி வருமா? ரத்தம் வந்தாலும் வருமே தவிர தண்ணி வராது."

தெரு மொத்தமும் தலையாட்டியது. அந்த விஷயத்தில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

"செவத்துக்கு அந்தப் பக்கம் யாரு?"

"ஜெய்தூன் பீவி வீடு. குடும்பத்தோட நாகூர் போயிருக்காக. வாசல்ல பூட்டுத் தொங்குது," என்றாள் மூக்காயி.

பூட்டிய வீட்டுக்குள்ளே கோழிகள் மட்டும் கொக்கரித்துக்கொண்டிருந்தன.

"ஆக, அங்கிட்டும் ஆள் கெடையாது. கடப்பாரையைக் கொண்டாங்கப்பா!"

உடையப்பன் சுவருக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார். "கொலை உங்க பாடு ஏட்டய்யா. செவரு எம் பாடு."

"உள்ள பொணம் இருந்தா?"

"இருந்தா இவன் வாடகையக் கூட்டித் தரணும். மூணாவது ஆள் தங்குறதா பேச்சே இல்லயே."

"ரெண்டாவது ஆளே இல்லய்யா இப்ப." ஏட்டு சடையாண்டியின் தோளைப் பிடித்துத் திருப்பினார். "சண்டை போட்டுத்தானே போயிருப்பா? எதுக்குடா வந்துச்சு?"

"தண்ணிக்குங்கய்யா. பேட்டையில இருந்து ஒடம்பெல்லாம் வெங்காயச் சருகோட வந்தேன். ஒரு குடம் தண்ணி இருந்துச்சு. தலையில ஊத்திக்கிட்டேன்."

"அது குடிக்கிற தண்ணி," என்றாள் மூக்காயி. "விடியக்காலம் இருந்து வரிசையில நின்னு அவ பிடிச்சது. எனக்குப் பின்னாடிதேன் நின்னா."

"வெறுங்குடத்தத் தூக்கி எந் தலைக்கு எறிஞ்சாய்யா. நான் குனிஞ்சுட்டேன். செவத்துல பட்டு ஒரு பத்தை பேந்துபோச்சு. வீட்டுக்காரரு பாத்தா காலி பண்ணச் சொல்லுவாரேன்னு, சுண்ணாம்பக் கெட்டியா அப்பி வெள்ளையடிச்சேன். அம்புட்டுத்தேன்."

"எஞ் செவத்த ஒடைச்சது வேறயா..." உடையப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு கெடக்காரு. பொண்டாட்டி போயி ஒரு வாரம். ஏன்டா தேடல?"

இந்தக் கேள்விக்கு வாய் திக்கினால் கழுத்து போய்விடும் என்று சடையாண்டிக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தான். முழு உண்மையையும்!

"எதுக்குய்யா தேடணும்? இந்த ஒரு வாரமாத்தேன் மனுசனாத் தூங்குறேன். அவ கொறட்டை விட்டான்னா பேட்டையில லாரி கெளம்புறாப்புல இருக்கும். அவ வெச்ச வெஞ்சனத்த ஒரு நா நாய்க்குப் போட்டேன். அது என்னையப் பாத்த பார்வை இருக்கே... 'நீயும் இதைத்தேன் திங்கிறியா'ன்னு கேட்டாப்புல இருந்துச்சு. மழை பேயிற வரைக்கும் அவ ஆத்தா வீட்டுலயே இருக்கணும்னு பழனிக்கு மொட்டை நேந்திருக்கேன்யா. கொன்னுபுட்டு எவனாச்சும் மொட்டை நேருவானா?"

வாசல் குலுங்கிச் சிரித்தது. ஏட்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மீசைக்குள் அதை ஒளித்தார்.

"நல்லாத்தேன் பேசுற. மிச்சத்தக் கோர்ட்டுல வந்து பேசு. ஒங் கையாலயே தோண்டு."

கடப்பாரை சடையாண்டியின் கைக்கு வந்தது. நாள் முழுக்க மூட்டை சுமக்கிற உடம்பு. அந்த ஒரு கடப்பாரையைத் தூக்க முடியவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போனான். கண்ணை அகல விரித்துப் பார்த்தான்.

அப்போதுதான் அது தெரிந்தது...

புதுச் சுண்ணாம்பு பூசிய இடம் சிவப்பு. அதன் ஓரத்தில், சுண்ணாம்பு படாமல் பழைய மண் தெரிகிற ஒரு சின்ன இடத்தில்...

மஞ்சள்!

மூக்கை வைத்தான். வள்ளியின் கழுத்து வாசம்.

கல்யாணத்தன்று இதே வாசலில் சுற்றிய ஆலத்தித் தட்டு ஞாபகம் வந்தது. தட்டில் மஞ்சள் தண்ணீர். அதில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும்...

"ஏட்டய்யா... ஒங்க பையில சுண்ணாம்பு இருக்குமா?"

"தூக்குக்குப் போற நேரத்துல வெத்தலை கேக்குதாடா ஒனக்கு?"

"கையில கொஞ்சம் வைங்கய்யா."

ஏட்டு உள்ளங்கையில் சுண்ணாம்பைத் தடவினார். சடையாண்டி மஞ்சள் ஓரத்து ஈரத்தை விரலில் வழித்து அதன்மேல் தேய்த்தான்.

ஏட்டின் உள்ளங்கை சிவந்தது!

"ரத்தம் இல்லய்யா... ஆலத்தி! மஞ்சத் தண்ணி கசிஞ்சு வந்து எஞ் சுண்ணாம்புல செவந்திருக்கு!"

உடையப்பன் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார். "மறந்தே போனேன். பீவி வீடு பாறை மேல நிக்குது. அவுக தரையே நமக்கு இடுப்பு உசரம். அவுக குளிக்கிற அங்கணம் இந்தச் செவத்த ஒட்டித்தேன். தண்ணி போற தூம்பு அடைச்சிருக்கு, செவரு குடிச்சிருக்கு."

"பூட்டுன வீட்டுல மஞ்சத் தேச்சுக் குளிக்கிறது யாருய்யா? கோழியா?" என்றார் ஏட்டு.

"கோழி..." மூக்காயி வாயில் கை வைத்தாள். "கோழிக்குத் தீனி போடச் சொல்லி பீவி கொல்லைக் கதவுச் சாவியக் குடுத்துட்டுப் போனாக."

"யாருகிட்ட?"

"வள்ளிகிட்ட." மூக்காயி ஒரு பெருமூச்சு விட்டாள். "பீவி வீட்டுக் கொல்லைக் கெணறு... எறைக்க வேற ஆளில்லாம ஊறி நெறஞ்சு கெடக்கும். நாங்க குடிக்கவே காணோங்கிறோம். இவ மஞ்சத் தேச்சுக் குளிக்கிறா. குடுத்து வெச்சவ."

சடையாண்டி தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இருந்தது. கடப்பாரையைக் கீழே போட்டான். கைதட்டினான். குதித்தான். ஏட்டின் தொப்பையைக் கட்டிப் பிடித்தான்.

"உசுரோட இருக்காய்யா! இந்தச் செவத்துக்குப் பின்னாடித்தேன் இருக்கா! அன்னிக்கு இருந்து இங்கனயே..."

சிரிப்பு பாதியில் நின்றது.

தண்ணீர் வருகிற சுவரில்... பேச்சு போகாதா?

தெரு மொத்தமும் சுவர்ப் பக்கம் காதைச் சாய்த்தது. கோழிகூட அடங்கிவிட்டது.

"எங் கொறட்டை... லாரியா?"

சுவர் பேசியது. அவசரமில்லாத குரல். நன்றாகக் குளித்த குரல்.

"செத்த நேரம் நில்லு. தலையத் துவட்டிட்டு வாரேன். பழனிக்கெல்லாம் அலைய வேணாம். மொட்டைய நானே எறக்கி விடுறேன்."

கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

சடையாண்டி இரண்டு கையையும் சேர்த்து ஏட்டின் முன்னால் நீட்டினான்.

"வெலங்க மாட்டுங்கய்யா. சீக்கிரம் ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எதுக்குடா? கொலையே நடக்கலயே..."

"நடக்கப் போகுதுய்யா. ஆளு மட்டுந்தேன் மாறிப்போச்சு."