கல்லுக்குள் கிடந்த வினைச்சொல்

தாள் காயவில்லை.

துருக்கியில், மலாத்யாவின் ஆகஸ்டு வெயிலில் ஆப்ரிகாட் பழம் மரத்திலிருந்து தரையைத் தொடுவதற்குள் வற்றலாகிவிடும். அந்த ஊரில், படியெடுப்பதற்காகக் காலையில் கல்வெட்டின்மேல் நனைத்து ஒட்டி, எழுத்துப் பதியத் தூரிகையால் அறைந்த தடித்தாள், பிற்பகல் மூன்று மணிக்கும் சொதசொதவென்று இருந்தது. அருங்காட்சியகக் கிடங்கெங்கும் சேற்று நாற்றம்.

தாளின் மூலையில் பென்சிலில் 'வெதாத்' என்றிருந்தது. அவரோடு வேலை பார்க்கும் கல்வெட்டாய்வாளர் நெஸ்ரினுக்கு வயிறு எரிந்தது. முதல் படி யார் பெயரில் இருக்கிறதோ, கல்லை வாசிக்கும் உரிமையும் அவருக்கே. கல்லில் இருந்தது, மூவாயிரம் வருடத்துக்கு முன் அந்தப் பக்கம் பேசிய லூவிய மொழியில் ஒரு சாபம்: 'என் பெயரைச் சுரண்டித் தன் பெயரைப் பொறிப்பவனை இடித்தேவன்...' தேவன் அவனை என்ன செய்வான் என்று சொல்லும் வினைச்சொல் மட்டும் உலகத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. வேறு கற்களிலும் வரும் அந்தச் சொல்லோடு நெஸ்ரின் பதினொரு வருடம் குடித்தனம் நடத்தியிருந்தாள். புருஷனோடு நடத்தியது நான்குதான்.

சாப்பிடப் போகும்போது வெதாத் வாசலில் நின்று இளித்தார். "பதினோரு வருஷமா ஒரு சொல்லைப் பாத்து முழிச்சியே, நெஸ்ரின்! நாளைக்கு அங்காரா மாநாட்டுல அதுக்கு அர்த்தத்தை நான் சொல்றேன். முன்வரிசையில உக்காந்து கைதட்டு."

"ரொட்டி தொண்டையில சிக்கிக்கப் போகுது, பாத்துத் தின்னுங்க."

அவர் தலை மறைந்ததும் ரப்பரை எடுத்தாள். வெதாத் அழிந்தார். நெஸ்ரின் முளைத்தாள். கல் எதைச் செய்யாதே என்றதோ அதையே செய்கிறோம் என்று அந்தப் படித்த மண்டைக்கு உறைக்கவில்லை.

தப்.

தூரிகை மேசைமேல் கிடந்தது. ஆனாலும் கல்லுக்கு உள்ளிருந்து யாரோ அறைந்தார்கள், காலையில் வெதாத் அறைந்த அதே நிதானத்தில். ஒவ்வொரு அறைக்கும் தாள் மூச்சு வாங்குவதுபோல் உப்பித் தணிந்தது, சேற்று நாற்றம் நாக்குவரை ஏறியது.

"துர்சுன்!" காவலாளியைக் கூப்பிட்டாள்.

தப். கன்னத்தில் குளிர்.

தப். மூக்கில் ஈரத்தாள். பிய்க்கப் பார்த்தாள். கை இல்லை.

தப்.

கதவு திறந்தது. துர்சுன் தேநீரோடு வந்தான், பின்னாலேயே வெதாத். "அக்கா? டீ ஆறுது!" காலி நாற்காலியைப் பார்த்தான். பிறகு அவளுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுவந்தான். "வெதாத் சார், தாள் காஞ்சிடுச்சு. இதென்ன, காலையில இல்லாத பொம்பள முகம்? வாயைப் பொளந்துக்கிட்டு!"

வெதாத் மூலையைத்தான் பார்த்தார். "திருட்டுச் சிறுக்கி! அவ பேரையா எழுதியிருக்கா?"

வினைச்சொல்லின் பொருள் இப்போது நெஸ்ரினுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் கல்லாக இருந்தது.

வெதாத் ரப்பரை எடுத்து அழிக்கத் தொடங்கினார்.

அவளுக்குப் பக்கத்தில், கல் மெல்ல ஈரமானது.