முகம் காட்டாத பட்டு

பெண்ணையாற்றின் மேல் எழுந்த அந்திநிலா, கோட்டை மதிலையும் அதனடியில் ஒண்டிக்கிடந்த நெசவாளர் தெருவையும் வேற்றுமை பாராது ஒரே வெள்ளியால் மெழுகிக்கொண்டிருந்த வேளையில், வாசகப் பெருமக்களே, முரசும் கொம்பும் முன்னே முழங்க ஒரு தறிக்கூடத்துக்குள் நுழைந்தார் பன்றிக்கொடிச் சேனாதிபதி சமரகோலாகலர். வாயில் தாழ்ந்தது, தலைப்பாகை உயர்ந்தது. அந்தப் போரில் வாயிலே வென்றது.

"காளையைப் பன்றி மிதிக்கும் எம் வெற்றிச்சீலை முடிந்ததா? அது மதிலில் இறங்கும் கணத்தில் விடங்கன் தலையும் இறங்கவேண்டும்!"

விடங்கன், கோட்டையைப் பறிகொடுத்துச் சிறையிலிருந்த காளைக்கொடித் தலைவன். தறியிலிருந்த உமையாழ்வி அவன் மனைவி. இது உங்களுக்குத் தெரியலாம், சேனாதிபதிக்குத் தெரியாது.

"முடிஞ்சுது, பிரபு."

குனிந்தார். தாறுமாறாய்ச் சரிகை இழைகள். "பன்றியா இது? வைக்கோற்போர்!"

"சரிகைப் பட்டைக் கவிழ்த்துத்தான் நெய்வோம். முகம் தரையைப் பார்க்கும். நமக்குத் தெரியிறது முதுகு."

"திருப்பிக் காட்டு!"

"காட்டுறேன். மதில்லே விரிக்குமுன்னே முகம் பார்த்தா வெற்றி தங்காதும்பாங்க. தங்களுக்கென்ன பயம்? பாருங்களேன்."

சேனாதிபதி அஞ்சாநெஞ்சர். ஆகவே கண்களை இறுக மூடிக்கொண்டார். அவள் பட்டைத் தறியிலிருந்து அறுத்துச் சுருட்டிக் கொடுத்தாள்.

மதிலுச்சியில் விடங்கன் கட்டுண்டு நின்றான். கொலையாளி வாளை ஓங்கி, பன்றி தெரியக் காத்திருந்தான். நீட்டிய கம்பத்தில் சேனாதிபதி தம் திருக்கரங்களாலேயே சீலையை விரித்தார். உள்ளே நின்றோருக்கு அதே வைக்கோல். ஆஸ்தானப் புலவரோ அந்த வைக்கோலிலேயே பன்றியின் கோரைப்பற்களைக் கண்டு மெய்சிலிர்த்தார். ஆற்றுப்பக்கம் நிலவில் ஜொலித்தது பொற்காளை. அதன் குளம்படியில் பன்றி.

காளைச்சீலை தெரிந்தால் நீர்வாயில் திறந்திருக்கிறது என்பது அக்கரையில் ஒளிந்திருந்த விடங்கனின் வீரர்களோடு செய்த ஏற்பாடு. அந்த வாயில் வழியே நாள்தோறும் பட்டுநூல் அலசப் போய்வரும் நெசவாளர்கள், அன்று தாழிடாமலே திரும்பியிருந்தார்கள். அக்கரை நாணலிலிருந்து படகுகள் பாய்ந்தன. ஆரவாரம் வானைப் பிளந்தது.

"ஆகா, எம்மை வாழ்த்துகிறார்கள்!"

"எட்டிப் பாருங்க, பிரபு," என்றாள் பின்னால் வந்து நின்ற உமையாழ்வி.

எட்டிப் பார்த்தார். தலைப்பாகை ஆற்றில் விழுந்தது. "யாரடி நீ?"

"அதோ கட்டுண்டு நிக்கிறாரே, அவர் பெண்டாட்டி."

"வெட்டு அவனை!"

கொலையாளி சீலையை எட்டிப் பார்த்தான், பிறகு படிக்கட்டைப் பார்த்தான். நெசவாளரும் படகுவீரரும் வேல்களோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். வாளை மெல்ல உறையிலிட்டான்.

"பன்றி இறங்கினால்தானே வெட்டச் சொன்னீர்கள், பிரபு? இது காளையாயிற்றே!"