பட்டனை விட்டது யார்?

தொப்! பெட்டி மறுபடியும் விழுந்தது.

"பட்டனை விடாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது?" அக்கா கத்தினாள்.

"நான் விடவே இல்லைக்கா!" என்றான் ஏழு வயது வாண்டு.

அவர்களுடைய அம்மா கிரேன் ஓட்டுபவர். அவரைப் போலவே பாரம் தூக்கும் கணினி விளையாட்டு ஒன்றை அக்கா எழுதியிருந்தாள். மவுஸின் இடது பட்டனை அழுத்திப் பிடித்தால் கொக்கி பெட்டியைப் பிடிக்கும். பிடித்தபடியே சக்கரத்தை உருட்டினால் பெட்டி மாடி மாடியாக மேலே ஏறும். நாளை பள்ளிக் கண்காட்சியில் வாண்டுதான் ஆடிக் காட்டுவதாக ஏற்பாடு.

"உன் விரல் குட்டி. உனக்கே தெரியாம வழுக்குது. நாளைக்கு வேற யாரையாவது ஆட வெச்சுக்கறேன்."

வாண்டு நாற்காலியிலிருந்து இறங்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

வாய் ஓயாதவன் பேசாமல் இருந்தது அக்காவுக்கு என்னவோ போலிருந்தது. பிஸ்கட் டப்பா விஷயத்தைத் தவிர அவன் எதிலும் பொய் சொன்னதில்லை.

மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் திரையில் காட்டும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தாள்.

"வாடா, இன்னொரு தடவை."

"வரலை. என் விரல் வழுக்கும்."

"வழுக்குதா இல்லையான்னு பாக்கத்தான் கூப்பிடறேன்."

வந்தான்.

'பட்டன் அழுத்தப்பட்டது. சக்கரம் உருண்டது.' தொப்!

அக்கா திரையில் ஒவ்வொரு வரியாகத் தேடினாள். 'பட்டன் விடப்பட்டது' என்ற வரி எங்குமே இல்லை!

சக்கரத்தின் செய்தியில் பட்டனைப் பற்றிப் பேச்சே இல்லை. பேச்சு இல்லாததால், விரலை எடுத்துவிட்டான் என்று நிரலே முடிவு செய்து கொக்கியைத் திறந்துவிட்டது. பிடிப்பதையும் ஏறுவதையும் அவள் தனித்தனியாகத்தான் சோதித்திருந்தாள். இரண்டையும் சேர்த்து முதலில் செய்தவன் வாண்டுதான்.

"தப்பு என்னோடதுடா. நீ விடவே இல்லை."

"அப்பவே சொன்னேன்ல!"

பட்டனை அழுத்தியதை நினைவில் வை, விட்டதாகச் செய்தி வந்தால் மட்டும் கொக்கியைத் திற என்று நிரலை மாற்றினாள்.

அம்மா வேலையிலிருந்து வந்தபோது பெட்டி ஒன்பதாவது மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. தோள்பையைக்கூட இறக்காமல் நின்றுவிட்டார்.

"மெதுவா... பெட்டியை ஆட விடாதே... அப்படித்தான்..."

பெட்டி பத்தாவது மாடியில் பூப்போல உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் அம்மா மூச்சு விட்டார்.

"யப்பா! எங்க சைட்லகூட இவ்வளவு பதமா யாரும் இறக்கினதில்லை. நாளைக்கு யாரு ஆடப் போறது?"

"இவன்தான். வேற யாரும் கிடையாது," என்றாள் அக்கா.

"சரி சரி. கொஞ்சம் நகருடா, எனக்கு ஒரு தடவை," என்றார், நாள் முழுக்கக் கிரேன் ஓட்டிவிட்டு வந்த அம்மா.