போட்டாச்சு

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தள்ளுகட்டிலை நிறுத்தியபோது தங்கை தலையைத் தூக்கி அக்காவின் கால்களைத்தான் பார்த்தாள்.

"புதுச் செருப்பா? எங்கிட்ட சொல்லவே இல்ல."

அக்கா சிரித்துவிட்டாள். நாற்பதை நெருங்கியும் தங்கைக்கு அந்தக் கண் மாறவில்லை. சின்ன வயதில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் தனக்கும் மாத்திரை வேண்டுமென்று தரையில் புரண்டவள் அவள். அக்காவுக்கு எது கிடைத்தாலும் அடுத்த நொடி ஒரு கை நீளும்: எனக்கு?

கர்ப்பப்பைக் கட்டிக்கான ஆபரேஷன். அக்கா அதே தியேட்டரில் நர்ஸ். சொந்தக்காரி என்பதால் அன்று அவளை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

கத்தி படுவதற்கு முன்பே ஓர் ஊசி போட வேண்டும். கிருமி நுழையும்போது மருந்து ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிந்திப் போட்டால் வெள்ளம் வடிந்தபின் அணை கட்டின கதைதான்.

உள்ளே மயக்க டாக்டர், "போட்டாச்சா?" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது ஊசியை. சார்ட்டோடு நின்ற நர்ஸ் அப்போதுதான் ஊசிக்கான கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அப்புறம் எழுத நேரமிருக்காது என்று முன்கூட்டியே போட்டுவிடுவது அங்கே வழக்கம். அவள் சொன்னாள்: "போட்டாச்சு."

எல்லாம் முடிந்து தட்டை எடுத்தபோதுதான் மருந்து நிறைந்த சிரிஞ்ச் கிடப்பதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கொடுத்த எந்த மருந்தும் கேட்கவில்லை. புண் சீழ் வைத்தது. விஷம் ரத்தத்தில் ஏறியது. அக்காவின் கையைப் பிடித்தபடியே தங்கை போய்ச் சேர்ந்தாள்.

அக்கா வேலைக்குத் திரும்பியபோது முறை மாறியிருந்தது. முதலில் ஊசி, பிறகுதான் கையெழுத்து. யாரோ ஒரு பெரியவருக்கு மருந்தை ஏற்றி, கையெழுத்தும் போட்டுவிட்டு, "போட்டாச்சு" என்றாள்.

தோளுக்குப் பின்னால், மூச்சு படுகிற தூரத்தில் ஒரு குரல்.

"எனக்கு?"

திரும்பினாள்.

வெறும் சுவர்.

மனப்பிரமை என்று தள்ளப் பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு 'போட்டாச்சு'வுக்கும் அந்தக் குரல் வந்தது. ஸ்பிரிட் வாசனையை மீறிச் சீழ் நாற்றம் வந்தது. பிறகு, நரம்பில் செருகிய குழாய்கள் தாமாக நழுவி, மருந்து விரிப்பை நனைக்க ஆரம்பித்தது. கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு வருகிறாளா என்று மயக்க டாக்டர் கேலி செய்தார். அவள் குழாயை மறுபடி செருகி மருந்தைப் போட்டாள். யாருக்கும் கெடுதல் வரவில்லை. தங்கை பொறாமைக்காரிதான், பாவி இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு காலையில் அவளுடைய மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலை. ஊசியை மட்டும் தானே போட்டுவிட்டு வெளியே போய்விடுவதாகச் சர்ஜனிடம் கெஞ்சி அக்கா உள்ளே வந்தாள்.

மகள் மயக்கத்தில் கிடந்தாள். வலது கையில் குழாய். இடது கை போர்வைக்குள். அக்கா சிரிஞ்சைப் பொருத்தி அழுத்தினாள்.

நகரவில்லை.

குழாயில் அடைப்பில்லை. உப்புநீர் தாராளமாகப் போயிற்று. மருந்து மட்டும் போகவில்லை. அவள் கட்டைவிரலுக்கு அடியில் இன்னொரு விரல் இருந்தது. ஈரமாக, சில்லென்று, எதிர்த்துத் தள்ளிக்கொண்டு.

"விடுடி," என்று முகமூடிக்குள் முணுமுணுத்தாள். "இவ உனக்கும் பொண்ணு மாதிரிதானே."

"மாதிரி," என்றது குரல். "நெஜமா இருக்கறதெல்லாம் உனக்கு."

போட்டாச்சா என்று மயக்க டாக்டர் மானிட்டரைப் பார்த்தபடியே கேட்டார். சர்ஜன் கைகழுவிவிட்டு வந்து நின்றார்.

அக்காவுக்கு அழுகை முட்டியது. பயத்தால் அல்ல. தங்கைக்கு அதை யாரும் போடவேயில்லை. அவள் கேட்பதில் என்ன தப்பு?

இன்னொரு சிரிஞ்சில் மருந்தை நிரப்பினாள். மகளின் இடதுபக்கம் போய், யாருமில்லாத காற்றில் ஊசியை நீட்டினாள்.

"இந்தா. உனக்கு."

அழுத்தினாள். நரம்புக்குள் போவதுபோல் மெல்ல, சீராக இறங்கியது.

தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

வலதுபக்கம் வந்தாள். இப்போது மருந்து வழுக்கிக்கொண்டு போனது. கையெழுத்துப் போட்டாள். "போட்டாச்சு" என்றாள். அந்தக் குரலுக்காகக் காத்து நின்றாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை.

மகள் பிழைத்தாள். புண் சுத்தமாக உலர்ந்தது. வார்டில் உடம்பு துடைத்துவிடும்போதுதான் அக்கா பார்த்தாள். யாரும் ஊசி குத்தாத இடது முழங்கை மடிப்பில் ஒரு சிவப்புப் புள்ளி.

மகளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. வலது கைத் தடம் எப்போதோ மறைந்துபோனது. இடது கையில் இருப்பது, சற்றுமுன் குத்தியதுபோல, இன்னும் ஈரமாகவே இருக்கிறது.