போட்டு வாறம்

"போட்டு வாறம்" என்று சுஜீவா சொன்னதற்கு, கோட்டைக்கு உள்ளேயிருந்து "ஓம்" என்று கேட்டது.

அக்காதான் சொன்னாளாக்கும் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் அக்கா அஜந்தினி அப்போதே இருபது அடி கீழே போய், பாதையோரத்தில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கோட்டை என்று மிஞ்சியிருந்த கூரையில்லாத கல் அறைக்குள் வேறு யாரும் இல்லை. அதன் மூலையில் மட்டும், வெயில் படாத ஒரு துண்டு இருட்டு.

போய்விட்டு வருகிறோம் என்று சொன்னது வெறும் பழக்கம். டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் அவர்களுடைய வீட்டில் 'போறன்' என்ற சொல் கிடையாது. அப்பா ஒரு விடியற்காலை அவசரத்தில் 'போறன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனவர். திரும்பி வந்தது அவருடைய உடல்தான். அன்றிலிருந்து, வெளியே போகிற எவரும் வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டே வாசலைத் தாண்டவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். இன்றைக்கும் மறித்துச் சொல்லவைத்துத்தான் அனுப்பினாள். மூத்தவளை விட்டுவிட்டு இளையவளிடம், "அக்காவைக் கவனமாக் கூட்டிக்கொண்டு வா, அவளுக்குக் கால் ஒரு இடத்திலை நிக்காது" என்றாள்.

"ஆரோடையடி கதைக்கிறாய்?" என்றாள் அக்கா கீழேயிருந்து.

"ஒருத்தரோடையும் இல்லை. வாயிலை வந்திட்டுது."

"கல்லுக்கும் போட்டு வாறம் சொன்னனீயோ? விசரி. இது டெனிஷ் கோட்டை. அவையின்ரை பாஷையிலை ஹை ஹை எண்டு பை சொல்லியிருந்தாலாவது விளங்கியிருக்கும்."

சுஜீவாவும் சிரித்தாள். அந்த 'ஓம்' பற்றிச் சொல்லவில்லை.

டென்மார்க்கில் கோட்டை நின்ற இந்த மேட்டையும் மலை என்பார்கள். ஏறுவதற்கு இருபது நிமிடம். சரிவு முழுவதும் திராட்சைத் தோட்டம். ஒவ்வொரு வரிசையின் தலைக்கம்பத்திலும் ஒரு இலக்கத் தகடு, கோட்டையடியில் நாற்பது, கீழே பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமையின் கடைசி பஸ் ஏழு ஐம்பத்திரண்டுக்கு. ஆடி மாதத்து வெயில் ஏழு மணிக்கும் பிடரியில் சுட்டது. கொடிகளுக்கு அடித்திருந்த கந்தக மருந்தின் மணமும் காய்ந்த புல்லின் மணமும் கலந்து தொண்டையில் ஒட்ட, இழுத்துக்கட்டிய கம்பிகள் காற்றில் மெல்ல விம்ம, குருவி விரட்டக் கட்டியிருந்த வெள்ளி நாடாக்கள் படபடக்க, அக்கா தன் கலியாணச் சேலையின் நிறத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டே முன்னால் இறங்கினாள். சுஜீவா தகடுகளை எண்ணிக்கொண்டு பின்னால் போனாள். பன்னிரண்டு. பதினொன்று. பத்து.

ஒன்பதில் பாதை இடப்பக்கம் வளைந்தது. வளைவுக்கு அப்பால் குளிர்ந்த ஒரு மணம் வந்தது. ஈரக் கல்லும், ஊதி அணைத்த மெழுகுதிரியும்.

அவர்களுக்கு முன்னால் கோட்டை வாசல்.

"சுத்தி வந்திட்டம்" என்றாள் அக்கா. "உன்னோடை கதைச்சா இப்பிடித்தான், வழியே தெரியாது."

"நாங்கள் இறங்கிக்கொண்டல்லோ இருந்தனாங்கள்?"

அக்கா போனை எடுத்து வரைபடத்தைப் பார்த்தாள். அதிலிருந்த நீலப்புள்ளி அடிவாரத்தில், பஸ் தரிப்பிடத்தின் மேல் நின்றது.

இரண்டாம் முறை இருவரும் கதைக்காமல் இறங்கினார்கள். மூன்றாம் வரிசை வரைக்கும் வந்தார்கள். பஸ் தரிப்பிடத்தின் கண்ணாடி வெயிலில் மின்னுவது தெரிந்தது. அதற்குள் கூடை வைத்துக்கொண்டிருந்த ஒரு டெனிஷ் மனுசியின் நரைத்த தலைகூடத் தெரிந்தது. சுஜீவா கையை உயர்த்திக் கூப்பிட வாயைத் திறந்தாள். அடுத்த அடி கல்லில் பட்டது.

கோட்டை வாசல்.

உள்ளேயிருந்து, ஆறுதலாக, ஒரு குரல்.

"வந்திட்டியளோ?"

கதவைத் திறக்கும்போது அம்மா கேட்கும் அதே இழுப்பு. அந்தக் கடைசி 'ளோ' கூட அப்படியே. ஆனால் அந்தச் சொல்லை இன்றைக்குத்தான் முதல்முறை வாயில் வைத்துப் பார்க்கிற ஒருவர் சொல்வதுபோல இருந்தது.

அக்காவின் விரல்கள் சுஜீவாவின் கையைத் தேடிப் பிடித்தன. "ஃபார்வெல்!" என்று அக்கா இருட்டைப் பார்த்து டெனிஷில் விடைசொல்லிக் கத்தினாள். "ஹை ஹை! ஃபார்வெல்!" அந்தச் சொற்கள் சுவரில் பட்டு விழுந்தன. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

ஓடினார்கள். நாற்பது. முப்பது. இருபத்தாறு.

வாசல்.

சூரியன் நகரவில்லை. இடிந்த சுவரின் அதே பிளவில் அப்படியே நின்றது. கம்பிகள் விம்மவில்லை. நாடாக்கள் காற்றில் வளைந்தபடியே நின்றன. மூலையிலிருந்த இருட்டு இப்போது வாசற்படி வரைக்கும் வந்திருந்தது.

"வந்திட்டியளோ?"

அப்போதுதான் சுஜீவாவுக்கு விளங்கியது. அது அவர்களைப் பிடித்து வைக்கவில்லை. கொடுத்த வாக்கைத்தான் கேட்கிறது. போட்டு வாறம் என்றால் வரத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும்.

அந்த வாக்கை அறுக்க ஒரு சொல் இருந்தது. அம்மாவின் வீட்டில் இல்லாத சொல்.

"கையை விடாதை" என்றாள் அக்கா. சின்னப் பிள்ளையின் குரல்.

"விடமாட்டன்." சுஜீவா கண்ணை மூடினாள். அப்பா. கதவு. விடியற்காலை. பிறகு சொன்னாள்.

"போறன்."

உள்ளே யாரோ யோசிப்பதுபோல இருந்தது.

"ஓம்" என்றது.

காற்று வந்தது. நாடாக்கள் படபடத்தன. சுஜீவா அக்காவை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஒடுங்கிய பாதையில் ஒருவர் பின் ஒருவர். பின்னால் அக்காவின் மூச்சு, அக்காவின் சப்பாத்து. இருபது. பத்து. ஒன்பது. வளைவில்லை. ஐந்து. மூன்று. ஒன்று. தோட்டத்தை அடைக்கிற படலை. அதன் கொளுக்கி இறுகியிருந்தது. இரண்டு கையும் தேவைப்பட்டது. அக்காவின் கையை ஒரு கணம்தான் விட்டாள்.

திறந்தது. "வாங்கோ அக்கா."

சப்பாத்துச் சத்தம் இல்லை.

திரும்பினாள். ஒன்றிலிருந்து நாற்பது வரைக்கும் வெறும் பாதை.

போட்டு வாறம் என்று இருவருக்குமாக வாக்குக் கொடுத்தவள், போறன் என்று ஒருத்திக்கு மட்டும் அதை அறுத்திருந்தாள். கடைசி ஒரு எழுத்து. வாறம். போறன்.

"போறம்!" என்று கத்தினாள். "போறம்! ரெண்டு பேரும் போறம்!"

மேலே ஒன்றும் 'ஓம்' சொல்லவில்லை. பாதைக்குள் திரும்ப ஓட முயன்றாள். முதலாம் கம்பத்தைத் தாண்டி வைத்த அடி, படலைக்கு வெளியே தார் ரோட்டில் விழுந்தது. மறுபடியும். மறுபடியும் தார். முதுகுக்குப் பின்னால் பஸ் வந்து நின்று கதவு திறக்கும் சத்தம்.

உச்சியில், மாலை வெயிலில், கோட்டை வாசலில் அக்கா நின்றாள். சின்னதாக, ஆனால் தெளிவாக. முகம் இவள் பக்கம். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வலது கை மெல்ல உயர்ந்து ஆடியது.

சுஜீவாவின் காதோரத்தில், அக்காவின் குரலில், "போட்டு வா."

ஆடியது அக்காவின் கை. ஆட்டியது அக்கா இல்லை. வாசல் இருட்டிலிருந்து நீண்ட இன்னொரு கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கைக்குழந்தைக்கு டாட்டா காட்டப் பழக்குகிறதுபோல, பொறுமையாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.