ஓர் ஓடைக்கு மூன்று பெயர்

பஸ்லியா டீச்சர் நீட்டிய போனைச் சுமித்ரா இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்தாள்.

வானத்திலிருந்து எடுத்த படம். தேயிலை மலைகளுக்கு நடுவே, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களின் தகரக் கூரைகள் தீப்பெட்டி போலத் தெரிந்தன. அதில் ஒரு நீலப் புள்ளி.

"டீச்சர், அது எங்க வீடு! கூரை ஒழுகுதுன்னு அப்பா விரிச்சுப் போட்ட நீலப் படங்கு!"

"ஆமா மகள். ஆனா உலகத்துல இருக்கிற எந்த மேப்லயும் உங்க லயத்துக்குப் பேரே இல்ல. இந்த மேப்ல யாரும் தங்கட ஊரை வரையலாம். காசு வேணாம்."

இலங்கையில் கலவானைக்கு அப்பால் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அது தேவையாகத்தான் இருந்தது. போன மாதம் மேல் லயத்து ஷாமிளா அக்காவைப் பாம்பு கடித்தபோது, "சலங்கை ஓடைப் பாலத்துக்கு வாங்க" என்று மேல் லயத்திலிருந்து போன் செய்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் கீழ் லயத்தில் வழி கேட்டார். அங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. நல்ல வேளை, அக்கா பிழைத்துக்கொண்டாள்.

டீச்சரின் வகுப்புப் பிள்ளைகள் அந்த மேப்பில் லயங்களையும் பாதைகளையும் வரைந்தார்கள். ஓடைக்கு வந்ததும் சண்டை பிடித்துக்கொண்டது.

"சலங்கை ஓடைன்னு எழுது" என்றார் மேல் லயத்துக் கன்னையா மாமா.

"சலங்கையாவது! அது ஊமை ஓடைங்க" என்றாள் கீழ் லயத்துக் கிருஷ்ணகுமாரி அக்கா. "சத்தமே இருக்காது."

"உங்களுக்குக் காது கேக்கலையா?"

"உங்களுக்குத்தான் கனவுல சலங்கை கேக்குது!"

இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. சுமித்ராவுக்குக் கவலையாகிவிட்டது. அடுத்த முறையும் ஆம்புலன்ஸ் வழி தவறினால்?

"டீச்சர், ஓடையோடவே நடந்து பார்ப்போமா?"

சனிக்கிழமை காலை டீச்சரும் சுமித்ராவும் தம்பி பிரதீபனும் உச்சியிலிருந்து இறங்கினார்கள். அவர்கள் நடக்க நடக்க, போனில் ஒரு கோடு தானாக நீண்டது. அட்டைகள் பிரதீபனின் காலை மட்டும் தேடித் தேடிக் கடித்தன.

மேல் லயத்தருகே தண்ணீர் கூழாங்கற்களில் குதித்து ஓடியது. கலீர் கலீர். கண்ணை மூடினால் யாரோ ஆடுவது போலிருந்தது.

கீழ் லயத்தருகே மணல். அங்கே அதே தண்ணீர் சத்தமில்லாமல் நழுவியது. பிரதீபன்கூடக் கிசுகிசுவென்று பேசினான்.

அதற்கும் கீழே, சிங்களக் கிராமத்தின் ஓரத்தில், ஓடை பெரும்பாறையிலிருந்து விழுந்தது. வெள்ளை வெளேரென்ற நுரை. சாரல் முகத்தில் அடித்தது.

துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் சுமித்ராவைச் சிங்களத்தில் மகளே என்று கூப்பிட்டுச் சிரித்தார். "மே கிரி தொல, துவே."

"பால் ஓடையாம்!" என்றாள் சுமித்ரா. அவளுக்குச் சட்டென்று புரிந்தது. "டீச்சர், யாருமே பொய் சொல்லலை! எங்க எப்படி இருக்கோ, அங்க அப்படிப் பேரு. மூணையும் அந்தந்த இடத்துல எழுதலாமா?"

"எழுதலாமே! இனி எந்தப் பேரைச் சொன்னாலும் மேப் ஆம்புலன்ஸுக்கு வழி காட்டும்."

திரும்பி வந்து போனில் இருந்த அந்தக் கோட்டைக் காட்டியபோது கன்னையா மாமா நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஒரே தண்ணியா?" என்றார்.

"எனக்கு அந்தச் சலங்கையைக் கேக்கணும்ங்க" என்றாள் கிருஷ்ணகுமாரி அக்கா.

"வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாமா.

சுமித்ரா படத்தை விரல்களால் சுருக்கினாள். ஓடை நூலாக இளைத்துக் குக்குலே கங்கை என்ற ஆற்றில் சேர்ந்தது. அது களு கங்கையில் கலந்தது. களு கங்கை வளைந்து வளைந்து போய்க் களுத்துறையில் கடலானது. திரையெல்லாம் நீலம்.

"அக்கா, நம்ம தண்ணியா அது?" என்று கேட்டான் பிரதீபன்.

சுமித்ரா ஆமென்று தலையாட்டினாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் அவள் ஓடையில் இறங்கி நின்றாள். கடலுக்குப் போகும் தண்ணீர் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு போனது.